துப்பாக்கியும் துணை நடந்தவரும்

பழம்பொருள்களைத் தேடிச் சேர்ப்போர் பலவகையினர். நாணயம் சேர்ப்போர் உண்டு; அஞ்சல்தலை சேர்ப்போர் உண்டு; பித்தளை விளக்குகளையும் சுவர்க் கடிகாரங்களையும் வாங்கி வீட்டை நிறைப்போரும் உண்டு. இவர்களுள் ஒரு சிறு கூட்டத்தார் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் போற்றுகின்றனர். அதிலும் ‘லீவர் ஆக்‌ஷன்’ எனப்படும் நெம்புகோல் ரைபிள்களின்பால் அவர்கள் கொண்டுள்ள பற்று தனித்தன்மை வாய்ந்தது. கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர் ஒருவருக்கு இப்பொருளில் என்ன ஈடுபாடு என்று அன்பர்கள் வினவலாம். உயிர்களைச் சுட்டு வீழ்த்தும் ஆசை எனக்கு என்றும் இருந்ததில்லை. ஆயினும் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில், அத்தகைய துப்பாக்கி ஒன்றோடு எனக்குப் பழக்கம் நேர்ந்தது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றில் அதற்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதால் இதனை எழுதத் துணிந்தேன்.

முதலில் அக்கருவியின் இயல்பைச் சொல்லிவிடுவது நலம். இவ்வகை ரைபிளில் விசைக்குக் கீழே வளையம் போன்றதொரு நெம்புகோல் இருக்கும். சுடுபவர் அதனைக் கீழே தள்ளி மீண்டும் மேலே இழுப்பார். அந்த ஒரே அசைவில் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். குதிரை பின்னே சாய்ந்து ஆயத்தமாகும். புதிய தோட்டா குழலுக்குள் புகும். ஒவ்வொரு முறையும் மருந்து கெட்டித்துச் சுட்ட காலத்து மனிதருக்கு இது பெரும் வியப்பாக இருந்திருக்கும். 1860இல் அமெரிக்காவில் ஹென்றி என்பார் உருவாக்கிய ரைபிள் பதினாறு தோட்டாக்கள் கொண்டதாக இருந்தது. அதனைத் தயாரித்த நிறுவனத்தின் தலைவர் வின்செஸ்டர் என்பவர்; சட்டை தைத்து விற்கும் தொழிலில் பொருளீட்டியவர். அவர் பெயரால் 1866இல் அமைந்த கம்பெனி 1873, 1886, 1892, 1894 எனப் பல மாதிரிகளை வெளியிட்டது.

அம்மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் நீண்டதொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்னுள்ள குண்டின் முனை, முன்னுள்ள தோட்டாவின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். முனை கூராக இருந்தால் அதிர்ச்சியில் வெடித்துவிடக் கூடும். ஆகவே மழுங்கிய குண்டுகளே அவற்றுக்கு ஏற்றவை. இக்குறையை நீக்கத் தோட்டாக்களை ஒரு பெட்டியில் மேலும் கீழுமாக அடுக்கும் முறையை ஜான் பிரௌனிங் என்னும் வல்லுநர் அமைத்தார். அதுவே 1895ஆம் ஆண்டு மாதிரி. 1904இல் அதற்கென 405 போர் எனப்படும் வலிய தோட்டா வந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பதவி நீங்கியபின் 1909இல் ஆப்பிரிக்க வேட்டைக்கு இதனையே உடன்கொண்டு சென்றார். முதல் உலகப் போரில் ரஷ்யப் பேரரசு தன் படைத் தோட்டாவுக்கு ஏற்ப இம்மாதிரியில் ஏறத்தாழ 3 லட்சம் ரைபிள்களை வாங்கிற்று.

இத்தகைய அமெரிக்க ரைபிள் நம் தென்னாட்டுக் காடுகளுக்கும் வந்தது. அரசுப் படைகள் கையாண்ட தோட்டாக்கள் தனியார் கைக்குச் செல்லலாகாது என்று பிரிட்டிஷ் ஆட்சியினர் சிலவகைத் துப்பாக்கிகளைத் தடுத்திருந்தனர். 405 போர் எந்தப் படைக்கும் உரியதன்று. ஆகவே அதற்குத் தடை இல்லை. பெங்களூரில் வாழ்ந்து 1974இல் மறைந்த கென்னத் ஆண்டர்சன் என்னும் வேட்டைக்காரர், ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடித் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் அலைந்தபோது அவர் தோளில் இருந்தது இந்த 405 வின்செஸ்டரே. 1954 முதல் அவர் எழுதிய ஆங்கில நூல்களைப் படித்தோர் அந்த ரைபிளையும் ஒரு கதைமாந்தர் போலவே நினைவில் வைத்திருப்பர்.

தங்கவயலிலும் அக்காலத்தில் துப்பாக்கிகளுக்குக் குறைவில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கப் பொறுப்பை ஏற்றபின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம்மவர் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. துரைமார்களுக்குப் பங்களா, கிளப்பு, கோல்ஃப் மைதானம் என எல்லாம் அமைந்தமையால் இவ்வூரைச் ‘சின்ன இங்கிலாந்து’ என்றனர். நம்மவருக்கு லைன் வீடு. விடுமுறை வந்தால் துரைமார்கள் காட்டுக்குப் புறப்படுவர். பெட்டி சுமக்கவும், பரண் கட்டவும், சுவடு பார்க்கவும், தப்படித்து விலங்கைக் கலைக்கவும் நம்மவர் உடன் செல்வர். 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி இந்தியர் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம்; ஐரோப்பியருக்கோ விலக்கு உண்டு. எனவே சுடுபவர் யார், சுமப்பவர் யார் என்பது காட்டுக்குள் நுழையும் முன்பே முடிவாகியிருந்தது.

இனி நான் அறிந்த துப்பாக்கிக்கு வருகிறேன். மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலில் நாள்தோறும் பெங்களூருக்குச் சென்று மீளும் தங்கவயல்காரர்களுள் நானும் ஒருவன். அவ்வண்டியில் எனக்கு அறிமுகமானவர் ஆங்கிலோ-இந்தியப் பெரியவர் ஒருவர். எங்கள் ஊர் வழக்கப்படி அவரை ‘அங்கிள்’ என்றே அழைப்பேன். தங்கவயல் தமிழை நம்மினும் இனிமையாகப் பேசுவார். ஒருநாள், “தம்பி, நீங்கள் சர்க்கார் ஆபீசில் எழுதுகிறவர். என் பாட்டனார் வைத்திருந்த ரைபிளை என் மகள் பெயருக்கு மாற்ற வேண்டும். விண்ணப்பத்தைப் பார்த்துக் கொடுங்கள்” என்றார். அவருக்கு வயது எழுபத்தைந்தைக் கடந்திருந்தது. மகன் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார். பெங்களூரில் உள்ள மகள், குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் பயிற்சி பெற்றவர். ரைபிள், 1895 மாதிரி, 405 போர்.

படிவங்களை நிரப்பும் பொருட்டு நான் அவர் வீட்டுக்குப் பலமுறை சென்றேன். அப்போதுதான் சேகரிப்போர் மனப்பாங்கு எனக்கு விளங்கிற்று. மேலைநாட்டில் நூறு துப்பாக்கிகளைச் சுவரில் மாட்டுவோர் உளர். நம் நாட்டிலோ 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒருவர் மூன்றுக்கு மேல் வைத்திருத்தல் இயலாதாயிற்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை இரண்டாகக் குறைத்தது. ஆகவே இங்கே சேகரித்தல் என்பது எண்ணிக்கையன்று. ஒன்றையே வாழ்நாள் முழுதும் அறிந்து காத்தலாகும். அங்கிள் மாதந்தோறும் குழலுக்குள் எண்ணெய்த் துணி விட்டுத் துடைப்பார். தோலுறையில் வைத்து மூட மாட்டார். தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பார். இரும்பின் பழைய நீல மெருகு தேய்ந்திருந்தும் புதுமெருகு ஏற்ற இசையவில்லை. “மெருகு போட்டால் பளபளக்கும், வயது போய்விடும்” என்பது அவர் கருத்து. அக்ரூட் மரக்கட்டையில் பாட்டனாரின் கன்னம் பட்டு வழவழப்பான இடத்தை விரலால் தடவிக் காட்டுவார். தேர்தல் அறிவிப்பு வரும்போது காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெறுவார். அந்த ரசீதுகள் அனைத்தையும் ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருந்தார். எழுத்தனாகிய எனக்கு அக்கட்டே துப்பாக்கியினும் மதிப்புடையதாகத் தோன்றியது.

ஒருமுறை உரிய அனுமதியோடு, உரிமம் பெற்ற சுடுதளம் ஒன்றில் அவர் அதனைச் சுட்டார். நான் பார்வையாளனாக நின்றேன். மூன்றே தோட்டாக்கள், அவையும் மிகப் பழையன. முதல் தோட்டாவுக்கு விசையை அழுத்தியதும் ‘டிக்’ என்ற ஒலி மட்டுமே கேட்டது. நான் பேச வாயெடுத்தேன். அவர் கையால் தடுத்தார். குழலைக் குறியை விட்டு அகற்றாமல் அசையாது நின்றார். பழைய தோட்டா காலந்தாழ்த்தி வெடிப்பதும் உண்டாம். பொறுமையற்றவர் உடனே நெம்புகோலைத் திறந்தால் முகத்தருகே வெடித்துவிடுமாம். அரை நிமிடத்திற்கு மேல் காத்திருந்தபின் அதனை அகற்றினார். இரண்டாவது வெடித்தது. அவர் மெலிந்த உடல் பின்னோக்கி அசைந்தது. நெம்புகோல் தாழ்ந்து உயர்ந்தது. பித்தளைக் கூடு வெயிலில் மின்னி விழுந்தது. மூன்றாவதும் அவ்வாறே. எழுபது ஆண்டுகளுக்கு முன் எவரோ எண்ணெயிட்டுப் பழக்கிய இரும்பு, தடையின்றி இயங்கிற்று. நன்கு செய்த பொருளும் நன்கு காத்த கையும் கூடினால் காலம் அதிகம் அழிப்பதில்லை என்று அன்று உணர்ந்தேன்.

அத்துப்பாக்கியோடு ஒரு குறிப்பேடும் இருந்தது. பாட்டனார் தம் வேட்டைகளை அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நாள், இடம், எத்தனை கெஜம், எத்தனை குண்டு, விலங்கின் நீளம் என எல்லாம் துல்லியமாக இருந்தன. துப்பாக்கியின் வரிசை எண் முதல் பக்கத்திலேயே இருந்தது. உடன் வந்த துரைகளின் பெயர்கள் இருந்தன; ஒரு நாயின் பெயரும் இருந்தது. அவற்றின் கீழே, பெரும்பாலான பக்கங்களில், ‘கூலிகள் இருவர்’, ‘கூலிகள் எழுவர்’ என்று மட்டுமே இருந்தது.

அச்சொற்களைப் படித்தபோது என் மனம் எங்கள் வீட்டுக்குச் சென்றது. என் கொள்ளுத்தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். விடுமுறைகளில் துரைமாரோடு காட்டுக்குச் சென்றவர். குடும்பத்தில் அவரை ‘வேட்டைத் தாத்தா’ என்பர். என் தந்தை பிறக்குமுன்பே அவர் மறைந்தார். அவர் விட்டுச் சென்றது இரண்டரை அங்குல நீளமுள்ள ஒரு பித்தளைத் தோட்டாக் கூடு. மரத்தக்கை இட்டு அதில் மூக்குப்பொடி வைத்திருந்தாராம். அதனை அங்கிளிடம் காட்டினேன். அடியில் தேய்ந்த எழுத்துகளைக் கண்ணாடி வைத்துப் பார்த்தவர், “405தான்” என்றார். பிறகு மெல்ல, “ஆனால் இந்த ரைபிளிலிருந்து விழுந்ததென்று சொல்ல முடியாது தம்பி. இப்படிப் பல இருந்தன” என்றார். அந்த நேர்மைக்காக அவரை மேலும் மதித்தேன். வேட்டைத் தாத்தாவின் இயற்பெயரைக் கூற எங்கள் உறவில் இன்று எவரும் இல்லை. சுரங்கத்தில் ஆளுக்கு எண் உண்டு, கைரேகை உண்டு. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் எங்கள் தொழிலாளர் வேலைநிறுத்தமே செய்தனர். துப்பாக்கிக்கு எண்ணும் பெயரும் நிலைத்தன. அதனைச் சுமந்தவருக்கு எண் மட்டுமே எஞ்சியது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின் அந்த எண்ணைக் கேட்பாரும் இல்லை.

நம் முன்னோர் இவ்வாறு இருந்தவர் அல்லர். வல்வில் ஓரி ஒரே அம்பால் யானை முதல் உடும்பு ஈறாக வீழ்த்தியதைப் பாடிய வன்பரணர், அவ்வேட்டுவன் யாரென அறிய விழைந்ததைப் புறநானூறு காட்டுகிறது. புலியோடு போராடி மாண்டவருக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நடுகற்கள் நிற்கின்றன. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, தலைவன் மாண்டபின்னும் கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரைச் சொல்கிறது. பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ள ஆதகூர்க் கல்வெட்டு, பன்றி வேட்டையில் உயிர்நீத்த காளி என்னும் நாயைப் போற்றுகிறது. அது பத்தாம் நூற்றாண்டுக் கன்னட நாட்டுக் கல். துணை நின்ற உயிரின் பெயரைக் கல்லில் பொறித்த நாடு இது. ஆண்டர்சனும் இவ்வகையில் பாராட்டுக்குரியவர். தம்மோடு காட்டில் நடந்த பைரா என்னும் பூசாரியையும், ரங்காவையும் பெயர் சொல்லி எழுதினார். தமக்கு அவர்கள் கற்பித்ததையும் மறைக்கவில்லை. அதனாலேயே அவ்விருவரும் இன்றும் வாழ்கின்றனர்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் காலம் முடிந்தது. அது முடிந்ததே நன்று. ஒருகாலத்தில் துரைமார்கள் குறிவைத்த வெளிமான்கள் தங்கவயலின் வெளிகளில் இன்று சட்டத்தின் காவலில் மேய்கின்றன. ஆனால் வேட்டை முடிந்தது என்பதற்காக அக்கருவிகளை உருக்கிவிட வேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. பொருள் அழிந்தால் அதனைப் பற்றிய கேள்வியும் அழிந்துவிடும். அந்தக் குறிப்பேடு இல்லையேல், ‘கூலிகள் இருவர்’ யாவர் என்று கேட்க எனக்குத் தோன்றியிருக்காது.

அங்கிளின் விண்ணப்பம் இதை எழுதும் வரை முடிவாகவில்லை. உரிமம் மாறினால் ரைபிள் மகளிடம் செல்லும்; மாறாவிடில் வணிகரிடமோ அரசிடமோ ஒப்படைக்கப்பட வேண்டியதுதான். எதுவாயினும் குறிப்பேடு துப்பாக்கியோடு போக வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டார். அதன் இறுதிப் பக்கத்தில் தம் கையால், ‘இத்துப்பாக்கியோடு நடந்தவர்களின் பெயர்கள் இதில் எழுதப்படவில்லை. அறிந்தவர் எழுதுக’ என்று தமிழில் எழுதிக் கீழே இடம் விட்டிருக்கிறார்.

அன்பர்களே, அத்தகைய வெற்றிடம் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் சென்றவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். அவர்கள் கையாண்ட கருவிகள் அருங்காட்சியகங்களில் எண்ணிட்டு வைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கையாண்டவரின் பெயரை நம் வீட்டு முதியோரே அறிவர். அவர்கள் நினைவு தெளிவாக உள்ளபோதே கேட்டு, ஊரும் பேரும் ஆண்டும் குறித்து வைப்போமாக.