மூக்கு அறிந்த ஊர்கள்

மேல்விஷாரம் வந்துவிட்டது என்று ஒரு காலத்தில் கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை, திறந்த ஜன்னல் வழியே சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்த வாடை முகத்தில் வந்து மோதும், தூங்கி வழிந்தவர்கள்கூட விழித்துக்கொண்டு காலடியில் கிடக்கும் பையைத் தேடுவார்கள். இன்றைக்கு ஏசி பஸ்ஸில் கண்ணாடி திறப்பதில்லை, உள்ளே எலுமிச்சை வாசனை அடிக்கிறது, ஊர் வருவதும் போவதும் கைபேசித் திரையில்தான் தெரிகிறது, ஆனாலும் மழை பிடித்த ஒரு மாலையில் கதவு திறந்து மூடுவதற்குள் அந்த வாடை கொஞ்சம் நுழைந்துவிட்டால் போதும், நான் கணியம்பாடியில் தாத்தாவின் திண்ணைக்குப் போய்விடுவேன்.

திண்ணை முழுக்க ஆவாரம்பட்டைக் கட்டு அடுக்கியிருக்கும், அமிர்தி பக்கத்து ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து உரித்துக் காயவைத்துக் கொண்டுவருவார்கள், தாத்தா ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு சில்லை உருவி, ஒடித்து முகர்ந்து, கடைவாயில் வைத்துக் கடித்துக் கண்ணை மூடிக்கொள்வார், துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடித்தால்தான் அந்தக் கட்டு விஷாரத்துக்கோ ராணிப்பேட்டைக்கோ வண்டியேறும். அங்கே சுண்ணாம்புக் குழியில் மயிர் கழித்த தோலைப் பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, கடுக்காயும் சேர்த்து, பாதி பதனிட்ட தோலாகச் சென்னை வழியே சீமைக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. 1970களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது, முழுத்தோலாகவே அனுப்ப வேண்டும் என்றானதும் குரோமிய உப்பும் சுழலும் பெரிய மரப்பீப்பாய்களும் வந்தன, வாரக்கணக்கு வேலை நாள்கணக்கில் முடிந்தது, மலையடிவாரத்தில் பட்டை உரிக்க ஆள் தேடுவதும் நின்றது. தாத்தா புலம்பவில்லை, காலியான திண்ணையில் வேர்க்கடலை மூட்டையை அடுக்கினார், வெயில் தாழ்ந்ததும் வடக்கே பார்த்து உட்கார்ந்து, "பழைய பட்டைத் தண்ணியும் நாறும்டா, ஆனா அந்தக் கெணத்துல மாடு வாய வெக்கும்" என்று மட்டும் சொல்வார்.

எங்கள் ஊரில் தோல் ஷாப் இல்லை, நாகநதி மணலில் ஊற்று தோண்டினால் நல்ல தண்ணீர் வரும், ஆனால் பாலாற்றங்கரையில் பெண்ணெடுத்த, பெண் கொடுத்த குடும்பங்கள் கணியம்பாடி முழுக்க உண்டு, தோல் கழிவில் கிணறு கெட்டுப்போன ஆம்பூர், பேரணாம்பட்டிலிருந்து வரும் உறவுக்காரர்கள் எங்கள் கிணற்றுத் தண்ணீரை முதலில் ஒரு மிடறு வாயில் வைத்திருந்துவிட்டுத்தான் விழுங்குவார்கள். அந்த ஒரு கணத் தயக்கத்தை நான் வேறொரு ஊரிலும் பார்த்தேன், அது கடலோரம்.

பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்தது கடலூர் முதுநகரில், கோடை விடுமுறைக்குக் கணியம்பாடி ஸ்டேஷனிலேயே கரிவண்டி ஏறினால் கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர், திருவண்ணாமலை என்று விழுப்புரம் வரைக்கும் புழுதியும் கரித்தூளும்தான், அங்கே வண்டி மாறியபின் பண்ருட்டியில் பலாப்பழம் மணக்கும், நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையின் பாகு வாசம் பெட்டிக்குள் கனமாக வந்து உட்காரும், அப்புறம் உப்பும் சேறும் கருவாடும் கலந்த ஒரு காற்று, பெரியம்மா வீடு வந்துவிட்டது. இப்போது அதே பாதையில் மின்சார ரயில் ஓடுகிறது, சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம், ஊர்களுக்கு நடுவே வாசனை மாறுவதைத்தான் கவனிக்க முடிவதில்லை.

முதுநகருக்குத் தெற்கே உப்பனாறு கடலை ஒட்டியே படுத்துக்கிடக்கும், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீண்ட மணல்மேடு, சவுக்கும் தென்னையும் பனையும், அதில் ராசாப்பேட்டை, சித்திரைப்பேட்டை என்று மீனவர் ஊர்கள், மேற்குக் கரையில் குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி. பெரியம்மாவுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவரும் ஆயா ராசாப்பேட்டைக்காரர், அவரோடு ஒட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவேன். விடியுமுன் கட்டுமரம் கிளம்பும் நேரத்தில் அவர் வீட்டுக்காரர் மணலில் நின்று முகத்தை நாலாபக்கமும் திருப்பிக் காற்று பார்ப்பார், வாடையா கச்சானா கொண்டலா என்று கன்னத்திலேயே தெரிந்துவிடும், ஆயா முழங்கால் மடித்து உப்பனாற்றுச் சேற்றில் உட்கார்ந்து கையால் தடவியே இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பனையோலைப் பறிக்குள் போடுவார், மதியம் மண்சட்டியில் கொதிக்கும் மடவைக் குழம்பின் புளிவாசம் தெருவெல்லாம் சுற்றும்.

1980களில் மேற்குக் கரையில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம், பிசின் செய்யும் ஆலைகள் சிதம்பரம் சாலையோரமாக வரிசை கட்டின, நான் வேலைக்குப் போன பிறகு ஒரு முறை ராசாப்பேட்டையில் தங்கியபோது நடுச்சாமத்தில் தொண்டை கமறி எழுந்தேன். ஆயா ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தார், "என்ன ஆயா இது" என்றேன், "காத்து மேக்கால திரும்பிடுச்சு தம்பி, இது முட்டைக் கம்பெனி, விடிகாலைல மருந்துக் கம்பெனி வரும்" என்று பழகிய குரலில் சொன்னார். பகலில் கடற்காற்று புகையை மேற்கே குடிகாட்டுப் பக்கம் தள்ளும், இரவில் கரைக்காற்று அதையே கடலோரத்துக்குக் கொண்டுவரும், ஆக இரண்டு கரைக்கும் முறை வைத்தாற்போல வரும், மரத்தைக் கடலில் தள்ளுவதற்காகப் பரம்பரையாகக் கற்ற காற்றுக் கணக்கு இப்போது எந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவது என்பதற்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. காலையில் சேற்றுக்குப் போன ஆயா தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்துவிட்டு ஒரு கணம் நின்றார், பேரணாம்பட்டு உறவுக்காரர்கள் நிற்கிற அதே நிற்றல்.

அந்த ஊர்க்காரர்கள் அதோடு விட்டுவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். 2004இல் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் சிலர் சேர்ந்து சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு அமைத்தார்கள், எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், வாடை எதைப்போல, கண் எரிந்ததா, வாந்தி வந்ததா என்று நோட்டில் எழுதினார்கள், அழுகிய முட்டை, நகப்பூச்சு, அழுகிய முட்டைக்கோஸ் என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டுப்பேர் வைத்தார்கள். கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கத்தில் வசித்தவர்கள் 1990களில் கண்ட வழி ஒன்று இங்கே வந்து சேர்ந்தது, மூடிபோட்ட சாதாரண பிளாஸ்டிக் வாளி, உள்ளே ஒரு தெளிந்த பை, வாளிக்குள்ளிருக்கும் காற்றைச் சின்ன பம்பால் உறிஞ்சினால் பை தானாக உப்பி வெளிக்காற்றை நிரப்பிக்கொள்ளும், சில நிமிட வேலை. அப்படிப் பிடித்த காற்றை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பியதில் 22 நச்சுப் பொருட்கள் இருப்பது தெரிந்தது, ஆயாவின் 'முட்டை'யும் 'மருந்து'ம் வேதியியல் பெயரோடு காகிதத்தில் ஏறின. அதே ஆண்டு டிசம்பர் 26 சுனாமி அந்தக் கரையைப் புரட்டிப்போட்டது, 2011 டிசம்பர் 30 தானே புயல் சவுக்கையும் முந்திரியையும் சாய்த்தது, 2025 மே மாதம் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்துக் குடிகாட்டு வீடுகளுக்குள் சாயத் தண்ணீர் புகுந்தது, நடந்தது இன்ன தேதியில் இன்ன இடத்தில் என்று சொல்லும் பழக்கம் மட்டும் அங்கே ஊன்றிவிட்டது.

எங்கள் வேலூர்ப் பக்கம் வழக்குக்குக் குறைவில்லை, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று சொன்னது, தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டதைப் பதிவு செய்தது, ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் போவதையும் எழுதியது, 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடியும் பேச வேண்டியிருந்தது. அந்த எண்களுக்குள் எந்தக் கிணறு எந்த வருஷம் கரித்தது, முதலில் மாடு மறுத்ததா மனிதர் மறுத்தாரா, நெல் போய்த் தென்னை போய்க் கடைசியில் எது நின்றது என்பது இல்லை, அதெல்லாம் பெரியவர்களின் நாக்கிலும் மூக்கிலும் இருக்கிறது, அவர்களோ ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நாகநதியில் பெண்கள் நூறுநாள் வேலையில் உறைகிணறு இறக்கித் தண்ணீரை மண்ணுக்குள் அனுப்பியிருக்கிறார்கள், அந்த வழியாக நடந்துபோய் உறவுக்காரக் கிழவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தால் முன்பெல்லாம் உடம்பைப் பற்றித்தான் விசாரிப்பேன், இப்போது அவர்கள் கைவிட்ட கிணறுகளைப் பற்றிக் கேட்கிறேன், எந்த வருஷம், எந்தப் பக்கத்து வயல், என்ன ருசி என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன், முதலில் சலித்துக்கொள்பவர்கள்கூட வருஷம் தவறினால் கூப்பிட்டுத் திருத்துகிறார்கள். கடலூர்க் கரையில் படிப்பறியாதவர்களின் மூக்கு சாட்சியாக நின்றது, பாலாற்றங்கரையின் மூக்கும் அதற்குக் குறைந்ததில்லை, நினைவுள்ளவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஊருக்கு ஒரு நோட்டு வேண்டும், அடுத்த முறை யாராவது நீதி கேட்டு நிற்கும்போது அதை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.