கற்திட்டைக்குப் போகும் பை

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்திக்குப் போகும் பஸ்ஸில் பைகளைப் பார்த்தாலே யார் எதற்குப் போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். 1967இல் தொடங்கிய சிறு விலங்கியல் பூங்காவுக்குக் குழந்தைகளோடு போகிறவர்களிடம் முறுக்கும் சிப்ஸும் இருக்கும். ஆற்றில் குளிக்கப் போகிறவர்கள் தோளில் துண்டு. மலைமேல் பழைய கல் பார்க்கப் போகிறவர் பையில் ஒரு கோணிச்சாக்கு, முகம் பார்க்கும் கண்ணாடி, அளவு டேப், அநியாயத்துக்குத் தண்ணீர். நான் பல வருடங்களாகக் கட்டிவருவது இந்த மூன்றாவது பை.

ஜவ்வாது மலையில் அப்படி என்ன கல் என்று கேட்பவர்கள் உண்டு. இரும்புக்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய கற்திட்டைகள் இங்கே இருக்கின்றன. பலகைக் கற்களை நட்டுச் சுவராக்கி, மேலே பெரிய மூடுகல்லை ஏற்றியிருப்பார்கள். சிலவற்றில் முன்கல்லில் வட்டமாக ஒரு துளை விட்டிருப்பார்கள். மலைவாழ் மக்கள் இவற்றை வாலியர் வீடு என்கிறார்கள். குள்ளமான மனிதர்கள் குடியிருந்த வீடுகளாம். கீழே இறங்கிச் செங்கம் பக்கம் போனால் பல்லவர் காலத்து நடுகற்கள். ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களின் செய்தி வட்டெழுத்தில் இருக்கும். கற்திட்டைகள் எந்த ஊரில், எந்தப் பாறைக்கு அப்பால் என்று இங்கே எழுதப்போவதில்லை. புதையல் இருக்கிறது என்று கடப்பாரையோடு வருகிறவர்களும் பத்திரிகை படிக்கிறார்கள்.

பை கட்டும்போது நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தக் கல்லின் முன்னால் நிற்கும்போது என் கண் வேலை செய்யுமா? நாக்கு வறண்டு, கால் கடுத்து, தலை வலித்தால் எவ்வளவு படித்தவரும் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். அதனால் என் கணக்கில் தண்ணீரும் ஆய்வுக் கருவிதான். கோடையில் ஆளுக்கு நாலு லிட்டர். இலையுதிர் காடு அது. பங்குனி, சித்திரையில் நிழல் என்று நம்பிப் போன இடத்தில் குச்சிகள்தான் நிற்கும். கூட வரும் மலைக்காரர், "எதுக்கு சார் இம்மாந் தண்ணி?" என்று சிரிப்பார். அவருக்கு ஊற்றுத் தெரியும், நமக்குத் தெரியாது.

கண்ணாடிக்கு வருகிறேன். டார்ச் போதாதா என்பார்கள். கற்திட்டையின் உள்ளே பார்க்க டார்ச் நல்லதுதான். ஆனால் உச்சி வெயிலில் வெளியே நிற்கும் நடுகல்லுக்கு அது உதவாது. தேய்ந்த எழுத்துக்குத் தேவை பக்கவாட்டில் விழும் ஒளி. காலை வெயிலும் மாலை வெயிலும் அதைத் தாமாகவே தரும். நடுப்பகலில் கல்லின் முகத்தை ஒருவர் துண்டால் நிழலாக்கி நிற்க, இன்னொருவர் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிச் சாய்வாக அடித்தால், வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் கோடு எழும். சந்தையில் வாங்கிய உள்ளங்கை அகலக் கண்ணாடி போதும்; உடையாமல் சாக்குக்குள் சுற்றி வைப்பேன். சாக்கு, மண்டியிட. திட்டையின் துளைக்குள் பார்க்கவேண்டுமென்றால் முழங்காலில் நின்றே ஆகவேண்டும்.

சாக்பீஸ், மாவு, பெயின்ட் இவை மூன்றும் என் பையில் ஏறியதே இல்லை. எழுத்தை வெள்ளையடித்துப் படம் எடுக்கிறவர், தன் கண்ணுக்கு எழுத்தாகப் பட்டதைக் கல்லின் மேல் எழுதிவிட்டுப் போகிறார். அடுத்து வருகிறவர் படிப்பது அவரைத்தான், கல்லை அல்ல. படம் எடுக்கும்போது பக்கத்தில் வைக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அளவுகோல் ஒன்று உண்டு. குறிப்பெழுதப் பென்சில், வியர்வை பட்டாலும் அழியாது. செல்போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துவிடுவேன், மேலே பல இடங்களில் சிக்னல் கிடையாது.

ஷூ சட்டென்று கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கவேண்டும். நாம் தொல்பொருள் என்று பார்க்கும் நடுகல் இந்தப் பக்கத்தில் பலருக்கு வேடியப்பன். எண்ணெயும் மஞ்சளும் பூசி, பொங்கல் வைத்துக் கும்பிடும் சாமி. அந்த மஞ்சளைச் சுரண்டி எழுத்துப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. ஊர்ப் பெரியவரைக் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால், பல சமயம் அவரே தண்ணீர் ஊற்றித் துடைத்துக் காட்டுவார்.

சாப்பாடு புளிச்சோறு, மந்தாரை இலையில் கட்டியது. கூட வருபவருக்கும் சேர்த்து. ஆம்பூர் பிரியாணி பொட்டலத்தோடு வரும் நண்பர்கள் உண்டு. அதைத் தின்றபின் அவர்கள் எந்தக் கல்லையும் பார்ப்பதில்லை, மரத்தைத் தேடுகிறார்கள். கொஞ்சம் கொள்ளுச் சுண்டலும் கொண்டுபோவேன். திருப்பத்தூருக்கு அருகே பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது புதிய கற்கால மக்களின் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. இந்த மலையடிவாரத்தில் எத்தனையோ தலைமுறை கொள்ளு தின்றுதான் நடந்திருக்கிறது.

வனத்துறை அனுமதிக் கடிதம் பையின் மேல் அறையில் இருக்கும். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் மாண்டபிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. காப்புக்காட்டுக்குள் "சும்மா பார்த்துவிட்டு வருகிறோம்" என்று நுழைவது குற்றம். வனச்சரக அலுவலகத்தில் முன்பே எழுதிக் கொடுத்து, உள்ளூர் ஆளோடு போவதுதான் முறை.

பாம்புக்கு மருந்து எதுவும் நான் கொண்டுபோவதில்லை. விஷமுறிவு மருந்து மருத்துவமனையில் ஏற்றவேண்டியது. கொண்டுபோவது நீளமான கழி. துளைக்குள் கையை விடுவதற்கு முன், தலையை விடுவதற்கு முன், கழியால் தட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். சுருட்டை விரியனுக்குக் கல் இடுக்கு பிடிக்கும், குளவிக்கும் பிடிக்கும். ஆனால் பாம்பைவிட நான் அஞ்சுவது கண்ணுக்கே தெரியாத ஒன்றை. புதரிலும் புல்லிலும் இருக்கும் நுண்ணுண்ணியின் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் நோய். மழையும் பனியுமான மாதங்களில் அதிகம். கடித்தது வலிக்காது, காய்ச்சல் ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் வரும். அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருந்தழும்பு இருந்தால் அதுதான் அடையாளம், எல்லோருக்கும் அது வருவதில்லை. முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, அதன் நுனியைச் செருகிய காலுறை, புல்லில் நேராக உட்காராமல் இருக்க அதே சாக்கு. வீட்டுக்கு வந்ததும் துணியை ஊறப்போட்டுச் சோப்புப் போட்டுக் குளித்துவிடுவேன். பிறகு காய்ச்சல் வந்தால் "காட்டுக்குப் போய்வந்தேன்" என்று மருத்துவரிடம் நாமே சொல்லவேண்டும். டாக்ஸிசைக்ளின் விலை மலிவான மாத்திரை. தாமதம்தான் ஆளைக் கொல்லும்.

இறங்கும்போது பை பாதிக்கு மேல் காலி. தண்ணீர் தீர்ந்திருக்கும், சோறு தீர்ந்திருக்கும். அந்த வெற்றிடத்தில்தான் ஆபத்து. காலடியில் கறுப்பு சிவப்புப் பானை ஓடு கிடக்கும், கைக்கு அடக்கமான வழுவழுப்பான கற்கோடரி கிடக்கும். ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். கிடந்த இடத்தை விட்டு எடுத்த ஓடு உங்கள் அலமாரியில் எதையும் சொல்லாது. அளவுகோலோடு படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வட்டாட்சியர் அலுவலகத்திலோ வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்திலோ தகவல் சொல்லுங்கள். காலிப் பையில் போட, வழியில் மற்றவர்கள் வீசிய பிளாஸ்டிக் பாட்டில்கள் நிறையக் கிடைக்கும்.