எட்டு ஜோடியும் நடு ஸ்கூட்டும்

ஜூலை 12, 2025, சனி

ஒரே கையில் 101 ரூபாய் போனது. மொய் எழுதிய கணக்கு மாதிரி இருக்கிறது. சாப்பாடுதான் கிடைக்கவில்லை.

இணையப் போக்கரில் 1-2 பிளைண்ட் மேசை. பட்டனில் இருந்தேன், கையில் இரண்டு எட்டு. முதலில் பேச வேண்டியவர் 6 ஆக்கினார். நானும் 6 வைத்தேன், மற்றவர்கள் விலகினார்கள். நடுவில் சேர்ந்த பணம், அதாவது பாட், 15. ஃப்ளாப்பில் ராணி, 6, 3. அவர் 10 கட்டினார், கால் செய்தேன். டர்னில் 2. அவர் 25 கட்டினார், அதற்கும் கால். ரிவரில் ராஜா விழ, அவர் 60 வைத்தார். ‘அப்படி என்னதான் வைத்திருக்கிறார், பார்த்துவிடுவோமே’ என்று பொத்தானை அழுத்திவிட்டேன். ஆஸ்-ராணி!

ஜூலை 13, ஞாயிறு

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். கணக்கில் தப்பில்லை, அதுதான் எரிச்சல். அவருடைய 10-க்கு நானும் 10 வைத்தால் பாட் 35. நூற்றுக்கு 29 தடவை ஜெயித்தாலே போட்ட காசு வந்துவிடும். 25-க்கும் 60-க்கும் ஏறத்தாழ அதே 29தான். மூன்று தடவையும் ஒரே விலை.

விலைதான் ஒன்று, எதிரே இருப்பவரின் கை அப்படி இல்லை. ஃப்ளாப்பில் பந்தயம் கட்டுகிறவரிடம் ஆஸ்-ஜாக்கி, ஆஸ்-ராஜா என்று ஒன்றும் சேராத கைகள் நிறைய இருக்கும். டர்னிலும் விடாமல் கட்டினால் அவற்றில் பல உதிர்ந்துவிடும். ரிவரில் வந்த ராஜாவும் அந்த ஆஸ்-ராஜாவைத்தான் கரையேற்றும், என் எட்டை அல்ல. இந்தச் சில்லறை மேசையில் மூன்றாம் முறையும் பெரிதாகக் கட்டுகிறவர் பொய்யாட்டம் ஆடி நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொன்று. ராணி விழுந்ததை நேற்று இரவு முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். கையில் எட்டு ஜோடி இருந்தால் ஃப்ளாப்பில் அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழுவது நூற்றுக்கு 87 தடவை. மூன்றாவது எட்டு வந்து செட் ஆவது 12 தடவைகூட இல்லை. நான் துரதிர்ஷ்டம் என்றது தினசரி நடப்பு.

ஜூலை 19, சனி

அப்பா மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடியவர். போனில் அந்தக் கையைச் சொன்னேன். போக்கர் அவருக்குத் தெரியாது, ரம்மியில் கையை விட்டு விலகுகிற ஸ்கூட் தெரியும். “முதல் ஸ்கூட் 20, நடு ஸ்கூட் 40, மாட்டினா 80. நீ ஏண்டா 80 கொடுத்தே?” என்றார்.

அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. முதல் பந்தயத்துக்குக் கால் செய்ததால் கடைசிவரை போகவேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. டர்னில் 25 வந்தபோது விட்டிருந்தால் 16 ரூபாயோடு முடிந்திருக்கும். நடு ஸ்கூட்டை நான் கோழைத்தனமாக நினைத்திருக்கிறேன்.

ஜூலை 26, சனி

மறுபடி எட்டு ஜோடி, இந்த முறை பிக் பிளைண்டில். ஃப்ளாப் ஜாக்கி, 7, 2. எதிராளி 6 கட்டினார், கால். பாட் 25. டர்னில் 4 வந்ததும் அவர் கட்டாமல் செக் செய்தார். ஜாக்கி கையில் இருந்தால் பெரும்பாலும் அங்கே சும்மா விட்டிருக்கமாட்டார். ரிவரில் 3, திடீரென்று 12 வைத்தார். நாலில் ஒரு தடவை ஜெயித்தால் போதுமான விலை. கால் செய்தேன். ஆஸ்-9, வெறும் கை.

கால் செய்த விதம் சரி. தோற்றிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன் என்று நம்புகிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

பத்து ஜோடி. டர்னில் விட்டேன். எதிராளி சீட்டைத் திறந்து காட்டினார், ஒன்றுமில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த நாலைந்து கையில் கண்டதற்கெல்லாம் கால் செய்து 140 ரூபாய் விட்டேன். நள்ளிரவு 12-க்கு மேசை மூடியது. நம் மாநில விதிப்படி காலை 5 மணிவரை காசு வைத்து ஆட முடியாது. அந்த விதியைப் போன மாதம் வரை நானும் திட்டியவன்தான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நாடு முழுக்கத் தடை. மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் இன்று ஒப்புதல் கொடுத்துவிட்டார். செயலியில் மேசைகள் இல்லை, பணத்தை எடுக்கும் பொத்தான் மட்டும் இருக்கிறது. ஜூன் முதல் போட்டது 3,000. எடுத்தது 1,340.