பகல் விளக்கு

மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்கப் பக்தி மட்டும் போதாது. நல்ல முழங்காலும் வேண்டும். நானூறு படிகளுக்கு மேல் ஏறி, பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வெளியே வந்து சற்று நில்லுங்கள். காவேரிக் காற்று உங்கள் களைப்பை ஒரு நிமிஷத்தில் துடைத்துவிடும். பிறகு நாலு பக்கமும் பாருங்கள்.

வடக்கே, ஆற்றுக்கு அப்பால், ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். அதற்குக் கிழக்கே திருவானைக்காவல். கீழே, மலைக்குப் பக்கத்திலேயே, லூர்து மாதா கோயிலின் ஊசிக் கோபுரம். இன்னும் சற்றுத் தள்ளி நத்தர் வலி தர்கா. காலடியில் தாயுமான சுவாமி. ஒரே பார்வையில் இத்தனை சந்நிதிகள்! இவர்களில் யாராவது தம் தெய்வத்தை ஒளித்து வைத்துக் கும்பிடுகிறார்களா? இல்லை. மேளம் கொட்டுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், பாங்கு சொல்கிறார்கள். கார்த்திகைத் திருநாளன்று இந்த மலை உச்சியில் ஏற்றும் தீபம் ஊர் முழுவதற்கும் தெரிகிறது.

"இதில் என்ன அதிசயம்?" என்று கேட்பீர்கள். நமக்கு இது காவேரிக் காற்று மாதிரி, இருப்பதே தெரியாது. ஆனால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு விளக்கேற்ற வேண்டியிருந்த ஜனங்களும் உலகத்தில் உண்டு. யூதர்களைத்தான் சொல்கிறேன்.

1492-ல் ஸ்பெயின் தேசம் யூதர்களை வெளியேற்றியது. 1497-ல் போர்ச்சுகல் அவர்களைக் கட்டாயமாக மதம் மாற்றியது. வெளியே மாதா கோயிலுக்குப் போவார்கள். வெள்ளிக்கிழமை அந்தி சாய்ந்ததும், கதவைத் தாழிட்டுக்கொண்டு, தங்கள் மூதாதையர் ஏற்றிய விளக்கை ரகசியமாக ஏற்றுவார்கள். நம் கோவாவிலேயே 1560-ல் போர்ச்சுகீசியர் மத விசாரணை மன்றம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். 'ரகசிய யூதர்' என்று அதனிடம் அகப்பட்டவர்களின் கதி பரிதாபம்.

இனி, கோவாவுக்குத் தெற்கே கொச்சியில் நடந்தது என்ன என்று பார்ப்போம். மலைக்கோட்டையிலிருந்து எந்தத் திசையில் பார்த்தாலும் யூதர் கோயில் ஒன்று கண்ணில் படாது. திருச்சியில் இரவு ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். அங்கிருந்து மட்டாஞ்சேரி பக்கந்தான். வாருங்கள், போவோம்.

மட்டாஞ்சேரியில் ராஜாவின் அரண்மனை. அரண்மனையை ஒட்டி பகவதி கோயில். அதற்கு அடுத்தாற்போல், கூப்பிடு தூரம் கூட இல்லை, யூதர்களின் ஜெபாலயம்! 1568-ல் கட்டியது. கோவாவில் அந்த மன்றம் ஏற்பட்டு எட்டே வருஷங்கள் ஆகியிருந்தன. கொச்சிக் கோட்டையிலோ போர்ச்சுகீசியர் இருந்தார்கள். அப்படியிருந்தும் கொச்சி ராஜா தம் அரண்மனைக்குப் பக்கத்தில் யூதர்களுக்கு இடம் கொடுத்தார். 1662-ல் போர்ச்சுகீசியர் அந்த ஜெபாலயத்தைத் தாக்கிச் சேதப்படுத்தினார்கள். மறு வருஷம் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகு, யூதர்கள் அதைத் திரும்பச் செப்பனிட்டுக்கொண்டார்கள்.

உள்ளே போகுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும். மற்ற தேசத்து ஜெபாலயங்களில் பெரும்பாலும் இல்லாத வழக்கம் இது. நம் ஊர் மண்ணின் வாசனை! தரையில் சீனத்திலிருந்து வந்த நீல வர்ண ஓடுகள். மேலே கண்ணாடி விளக்குகள். மணிக்கூண்டு 1760-ல் எழுந்தது. அதில் எபிரேய எழுத்தும் உண்டு, ரோமன் எண்ணும் உண்டு, மலையாள எண்ணும் உண்டு. யூதர்கள் வேதச் சுருளுக்குக் கிரீடம் சூட்டுவார்கள். இங்கே உள்ள தங்கக் கிரீடம் ஒன்றை 1805-ல் வழங்கியவர் திருவாங்கூர் மகாராஜா; பத்மநாபதாசர்!

ஆனால் நான் உங்களை அழைத்து வந்தது கிரீடத்தைக் காட்ட அல்ல. இந்தச் சமூகம் கண்ணைப் போல் காத்து வந்த செப்பேடுகளைப் பற்றிச் சொல்ல. சுமார் கி.பி. 1000-ல், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஈசுப்பு இரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்த சாசனம் அது. எழுத்து, நம் வட்டெழுத்து. பாஷையோ, மலையாளம் தமிழிலிருந்து பிரிந்துகொண்டிருந்த காலத்தது. படித்துக் காட்டினால் திருச்சிக்காரருக்கும் பாதிக்குமேல் புரியும். எழுபத்திரண்டு உரிமைகள். பல்லக்கு உண்டு, குடை உண்டு, பறையும் காளமும் உண்டு, தோரணம் உண்டு. பாவாடையும் உண்டு. பயப்படாதீர்கள், பெரியவர்கள் நடக்கும்போது தரையில் விரிக்கும் நடைபாவாடை அது! சுங்கமும் இல்லை. இவற்றுடன் ஓர் உரிமை: பகல் விளக்கு.

பகலில் விளக்கு எதற்கு? வெளிச்சத்துக்காக அல்ல, மரியாதைக்காக. "இதோ ஒருவர் வருகிறார், எல்லாரும் பாருங்கள்" என்று சொல்வதற்காக. லிஸ்பனில் யூதர் இரவு விளக்கைக்கூட மறைத்தார்கள். அதற்கு ஐந்நூறு வருஷங்களுக்கு முன்பே சேர நாட்டில் ஒரு யூதர் முன்னால் பட்டப் பகலில் விளக்குப் பிடித்துப் போனார்கள்! ராஜாவுக்கு வியாபாரம் வேண்டியிருந்தது, வாஸ்தவந்தான். அதற்கு விலையாக, "உன் தெய்வத்தை விட்டுவிட்டு வா" என்று அவர் கேட்கவில்லை.

நம் சென்னைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. பவழக்காரத் தெரு தெரியுமல்லவா? பதினேழாம் நூற்றாண்டில், கோல்கொண்டா வைரம் வாங்க, பவழத்தைக் கொண்டுவந்து விற்ற யூத வர்த்தகர்களின் நினைவு அதில் இருக்கிறது. அவர்கள் போர்ச்சுகலில் மதத்தை மறைத்து வாழ்ந்தவர்களின் வம்சம். 1688-ல் சென்னை நகரசபை ஏற்பட்டபோது அதன் ஆல்டர்மன்களில் மூவர் யூதர்கள்!

இத்தனை பெருமையையும் சொல்லிவிட்டு ஒரு குறையை மறைத்தால் அது நியாயமாகாது. மட்டாஞ்சேரி ஜெபாலயத்தில் எல்லா யூதரும் சமமாக உட்காரவில்லை. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததியாருக்குப் பெஞ்சில் இடம் கிடையாது. நமக்குப் பழக்கமான வியாதிதான், அவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. அந்தச் சந்ததியில் 1882-ல் பிறந்தவர் ஏ. பி. சேலம். வக்கீல், கொச்சி சட்டசபை அங்கத்தினர், காந்தி பக்தர். அவர் மதத்தை உதறிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். "இந்தக் கடவுள் என்னுடையவர், இவர் வீட்டில் எனக்கு இடம் உண்டு" என்று சொல்லாமல் சொன்னார். வருஷங்கள் சென்றன, தடைகள் ஒவ்வொன்றாக நீங்கின. 'யூத காந்தி' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. 1967-ல் காலமானார்.

அடுத்த வருஷம், 1968 டிசம்பரில், ஜெபாலயத்தின் நானூறாவது ஆண்டு விழா. பிரதம மந்திரி இந்திரா காந்தி வந்தார். தபால் இலாகா முத்திரை வெளியிட்டது. ஆனால் விழாவுக்கு வந்தவர்களில் ஊர் யூதர் சிலரே. 1948-ல் இஸ்ரேல் உதயமானதும் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டுவிட்டார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை. வேதம் சொன்ன மண்ணைப் பார்க்கப் போனார்கள்.

இன்று மட்டாஞ்சேரியில் நிலைமை என்ன? பொதுப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்கள் விதி. உள்ளூரில் அந்தப் பத்துப் பேர் இல்லை. வெளியூர் யூதர்கள் வந்தால்தான் கணக்குச் சேரும். யூதர் தெருவில் பூவேலைக் கடை வைத்திருந்த சாரா கோஹன் என்ற மூதாட்டி 2019-ல், தொண்ணூற்றாறாம் வயதில் காலமானார். முதுமையில் அவரைத் தாயைப் போல் பார்த்துக்கொண்டவர் யார் தெரியுமா? ஒரு முஸ்லிம் அன்பர். அந்தக் கடையையும் அவரே காத்தார்.

திரும்பி வந்து மறுபடி மலைக்கோட்டை ஏறுங்கள். அதே கோபுரங்கள், அதே தர்கா, அதே காற்று. ஆனால் காற்று வீசுவது இப்போது தெரியும். ஒரு மனிதன் தன் தெய்வத்தின் பெயரைத் தெருவில் நின்று சொல்ல, அவனுக்கு நெஞ்சில் நம்பிக்கை வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனுக்கு நெஞ்சில் இடம் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பகலில் விளக்கு எரியும்.

அடுத்த கார்த்திகைக்கு உச்சித் தீபத்தைப் பார்க்கும்போது, ஈசுப்பு இரப்பானையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.