கரிசல்ல ஒரு மொந்தன்

எட்டயபுரம் பக்கம் வாழைத்தோட்டம் பார்க்கணும்னு நீங்க வந்தா ஏமாந்துதான் போவீங்க. இது கரிசக்காடு. புரட்டாசியில விதைச்சு, அடைமழையை நம்பி உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம் எடுக்கிற பூமி. மழையில கரிசல் ஊறி உப்பிரும்; வேருக்கு மூச்சு முட்டும். கோடையில கை நுழையிற அளவு வெடிக்கும். வாழைவேர் மேலாக்க ஓடுறது, அத்துப் போகும்.

அதனால எங்களுக்கு வாழைன்னா தாமிரபரணிப் பக்கத்து ஆளுக குடுக்கிறதுதான். ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர்லருந்து தார் வரும். பெட்டிக்கடை வாசல்ல தொங்குறதைப் பார்த்தே பேரு சொல்லிருவோம். கதலி, நாட்டுப்பழம், கோழிக்கூடு, பேயன், ஏத்தன், எப்பவாவது செவ்வாழை. கைப்பிள்ளைக்கு ஏத்தன்காயைக் காயவச்சு இடிச்சுக் கூழு காய்ச்சுவாக. பேயன் குளிர்ச்சின்னு அம்மை கண்ட வீட்டுக்கு வாங்குவாக.

இப்போ பாதிக் கடையில நீளமா மஞ்சளா ஒரே பழம். ஜி-9. திசு வளர்ப்புக் கன்று, எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணாத் தார் போடும், எடையும் நிக்கும். கடன் வாங்கி நடுறவன் அதைத்தான் நடுவான், அவனை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா நாம திங்கிற வாழைக்கு விதை கிடையாது. கன்னு எல்லாம் தாயோட அச்சு. ஒண்ணைக் கொல்ற நோய் காடு முழுக்கக் கொல்லும். வெளிநாட்டு ஏற்றுமதியை ஒருகாலத்துல ஆண்ட குரோ மிஷேல் ரகம் பனாமா வாடல்ல அப்படித்தான் போச்சு. 1960கள்ல அதோட இடத்துக்கு வந்தது கேவண்டிஷ். ஜி-9 அந்தச் சாதிதான். அதையும் கொல்ற புது வாடல் பீகார், உத்தரப் பிரதேசம் வரைக்கும் வந்தாச்சு.

எங்க வீட்டுப் புறவாசல்ல ஒரு மொந்தன் தூரு இருக்கு. ஏரல்ல இருக்கிற சித்தி வீட்டுலருந்து அம்மா கொண்டாந்த கன்னு. பாத்திரம் கழுவுற தண்ணியிலயே கிடக்கு. கொட்டை நிறைஞ்ச காட்டு வாழை ரெண்டுதான் இந்த ரகங்களுக்கெல்லாம் மூலம்: மூசா அக்குமினாட்டா, மூசா பால்பிசியானா. ஜி-9 முழுக்க முதலாவதோட பிள்ளை. மொந்தன்ல மூணுல ரெண்டு பங்கு பால்பிசியானா. வறட்சியைத் தாங்குறது அந்த வழிதான். தாங்கும்னாலும் சித்திரையில ரெண்டு குடமாவது ஊத்தணும். "மாட்டுக்கே தண்ணி காணல, இதுக்கு வேற ஊத்துறீகளாக்கும்"னு வீட்டுல சத்தம். அவ சொல்றதும் நியாயம்தான், குழாயில தண்ணி வர்ற நாளை எண்ணிக்கிட்டு இருக்கிற ஊரு.

2023 டிசம்பர் 17, 18ல பேஞ்ச மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். ஏரல் பக்கம் வாழையெல்லாம் வெள்ளத்துல நின்னு அழுகிருச்சு. சித்தி மகன் வயல்ல மணல் மூடி ஒரு தூரு மிஞ்சல. மறு வருசம் வந்தவன், காபி குடிக்கக்கூட உக்காரல.

"மதினி, அந்த மொந்தன் இருக்கா?"

தண்ணிக்குச் சண்டை போட்டவளே கடப்பாரை எடுத்துக் குடுத்தா. ரெண்டு ஈட்டிக்கன்னு பேத்து, நனைஞ்ச சாக்குல சுத்தி, பஸ்ஸுல ஏத்தி விட்டோம். ஒண்ணு பிடிச்சுக்கிருச்சு. இன்னொண்ணை ஆடு கடிச்சிருச்சாம். ஆடிக்கு அடுத்தது பேக்கணும்.