ஐயாவின் கொப்பிகளும் அயலவர் பெயர்களும்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் வீடுகளிலே காணி உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் வைத்த பெட்டிக்குள் இன்னொரு பொருளும் கிடப்பதுண்டு. அது பழைய டயறியாகவோ, சி.ஆர். கொப்பியாகவோ, கடைக் கணக்கெழுதிய நீளப் புத்தகமாகவோ இருக்கலாம். தாயோ தந்தையோ பேரனாரோ ஊரில் இருந்த காலத்தில் தம் கைப்பட எழுதியவை அவை. இடப்பெயர்வுகள் பலவற்றையும் தாண்டி, யாரோ ஒருவரது பயணப் பையில் இங்கு வந்து சேர்ந்தவை. அவ்வெழுத்தைத் தடையின்றி வாசிக்கக்கூடிய தலைமுறை இந்நாடுகளிலே குறைந்து வருகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

மறுபுறத்திலே எமது பிள்ளைகள் கையடக்கத் தொலைபேசியைக் கொண்டே ஒரு கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, அன்று மாலையே உலகம் முழுவதும் வாசிக்கும்படி இணையத்தில் ஏற்றிவிட வல்லவர்கள். இவ்வாறு செய்வது தகுமா என்னும் விவாதம் எமது குடும்பத்தினுள்ளேயே சென்ற ஆண்டில் எழுந்தது. பல வீடுகளிலும் எழக்கூடிய விவாதமாகையால் அதுபற்றிச் சில எண்ணங்களை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

சாதாரண மனிதர் ஒருவரது நாட்குறிப்பினால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்போர் உளர். புதுச்சேரியிலே பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் தமிழிலே நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்குந் தறுவாய்வரை எழுதி வந்தார். கப்பல் வந்த நாள், சரக்கின் விலை, அதிகாரிகளின் பூசல் என யாவும் அதிலே உண்டு. 1748 இல் அங்கு வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட செய்தியை அந்நாளில் அங்கே வாழ்ந்த ஒருவரின் வாய்மொழியாக நாம் அறிவது அவரது எழுத்தினாலேயே. அவர் இறந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 1846 இலேதான் அந்தக் குறிப்பேடுகள் வெளியார் கண்ணிற் பட்டன. பின்னர் 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் அவற்றைப் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதுவரை அவற்றைக் கறையானுக்குக் கொடாது காத்தவர்களுக்கு வரலாறு கடமைப்பட்டுள்ளது.

ஆனந்தரங்கர் பெருந்தனவந்தர். ஏழை எளியோரின் எழுத்துக்கு இடமில்லையோ எனில், இத்தாலி நாட்டிலே பியேவே சாந்தோ ஸ்தேபனோ என்னும் சிற்றூரைப் பார்க்கலாம். 1944 இல் பின்வாங்கிச் சென்ற ஜேர்மன் படையினர் அவ்வூரைக் கண்ணிவெடி வைத்துத் தகர்த்தனர். நாற்பது ஆண்டுகளின் பின்னர், 1984 இல், சவேரியோ துத்தீனோ என்னும் பத்திரிகையாளர் அதே ஊரிலே சாதாரண மக்களின் நாட்குறிப்புகளுக்கென ஒரு காப்பகத்தை நிறுவினார். கிளேலியா மார்க்கி என்னும் விவசாயப் பெண், கணவரை இழந்த துயரத்திலே தமது வாழ்க்கைக் கதையைக் கட்டில் விரிப்பொன்றில் எழுதினார். அந்த விரிப்பு இன்று அங்கு பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. அழிக்கப்பட்ட ஊர் எழுத்தைச் சேர்க்கும் ஊராக மாறிய கதை, 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரியக் கண்ட எமக்குப் புதிதாகத் தோன்றாது. எம்மவரும் வாளாவிருக்கவில்லை. 2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பிற ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி எவரும் வாசிக்கும்படி வைத்திருக்கிறது.

ஆகவே, பாதுகாக்க வேண்டுமா என்பதில் ஐயமில்லை. எல்லாவற்றையும் எல்லோருக்கும் இப்பொழுதே திறந்துவிட வேண்டுமா என்பதே வினா. இலண்டன்வாசியான சாமுவேல் பீப்ஸ் 1660 முதல் 1669 வரை எழுதிய நாட்குறிப்பை, 2003 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் நாளுக்கொன்றாக இணையத்தில் வெளியிட்டார் ஓர் ஆர்வலர். அதனால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. பீப்ஸ் ஏசிய மனிதரெல்லாம் மண்ணோடு மண்ணாகி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயின. எமது கொப்பிகளிலே வரும் மனிதர்களோ இன்னும் உயிரோடிருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் அதே ஒழுங்கையில் வாழ்கிறார்கள்.

எமது தந்தையார் வலிகாமத்துக் கிராமமொன்றிலே உபதபால் அதிபராக இருந்தவர். 1979 தொடக்கம் 2003 வரை பதினொரு சி.ஆர். கொப்பிகளை எழுதி வைத்தார். மழை பெய்த நாள், தபால் வராத நாள், மண்ணெண்ணெய் கிடைக்காத நாள், யார் கொழும்புக்குப் போனார், யார் இறந்தார் என்பனவே அவற்றில் மிகுதி. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்ததையும், நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எடுத்த மணித்தியாலங்களையும், அடுத்த சித்திரையில் ஊர் திரும்பியபோது கிணற்றுக் கட்டிலே புல் முளைத்திருந்ததையும் ஒரே சீரான எழுத்தில் குறித்திருக்கிறார். 1987 ஆம் ஆண்டுக் கொப்பி மாத்திரம் இல்லை. வீடு வீடாகச் சோதனை நடந்த அந்த ஐப்பசி மாதத்திலே எமது தாயார் அதனை அடுப்பில் வைத்துவிட்டார். எழுத்து உயிருக்கு உலையாகிய காலத்தில் ஒரு தாய் வேறென்ன செய்திருக்கக்கூடும்?

எஞ்சிய கொப்பிகள் எம்மிடம் வந்து சேர்ந்ததும், இங்கு பிறந்த எமது மகள் அவற்றை முழுமையாக ஸ்கான் செய்து இணையத்திலே போடவேண்டும் என்றார். "பெட்டிக்குள்ளை வைச்சிருந்தா அம்மம்மா எரிச்சதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், அப்பா?" என்று அவர் கேட்ட கேள்வி நியாயமானது. ஊரிலுள்ள எமது அக்காவோ தொலைபேசியில் வேறுவிதமாகச் சொன்னார். "நீங்கள் அங்கையிருந்து போடுவியள். வாசிச்ச சனத்துக்கு முகம் குடுக்கிறது நாங்களெல்லோ." இதுவும் நியாயமானதே. இரண்டு நியாயங்களுக்கும் நடுவிலே பல இரவுகள் அக்கொப்பிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தோம்.

எம்மைத் தடுத்து நிறுத்திய பக்கங்கள் மூன்று. முதலாவது, 1996 ஆடி மாதத்துப் பக்கம். காலையிலே சைக்கிளில் வெளிக்கிட்ட அயல்வீட்டு இளைஞன் இரவாகியும் திரும்பவில்லை என்றும், தாயார் வந்து அழுதார் என்றும் திகதி, நேரம், பெயருடன் தந்தையார் எழுதியிருந்தார். அவன் இன்றுவரை திரும்பவில்லை. இரண்டாவது, சுற்றிவளைப்பொன்றில் முகத்தை மூடிக்கொண்டு வந்த 'தலையாட்டி' இன்னார்தான் என்று ஊரிலே பேசிக்கொண்டதாக எழுதிய பக்கம். மூன்றாவது, ஒரு வீட்டுப் பெண்பிள்ளை சொல்லாமற் கொள்ளாமல் இயக்கத்துக்குப் போனதையும் சில மாதங்களில் திரும்பி வந்ததையும் கூறும் பக்கம்.

அந்த இளைஞனின் தாயாருக்கு அக்கா மூலம் தகவல் சொல்லிவிட்டுத் தொலைபேசியில் அழைத்தோம். மாமி என்றே அவரைச் சிறுவயது முதல் அழைத்து வந்தோம். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பெயரை மறைத்துவிடுகிறோம் என்று ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினோம். அவர் முதலில் அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். மறுமுறையும் வாசிக்கச் சொன்னார். பிறகு, "பேரை மறைக்காதையுங்கோ தம்பி. எத்தினை இடத்திலை எழுதிக் குடுத்தன், எத்தினை பேர் என்ன ஆதாரமெண்டு கேட்டவை. அண்டைக்கே எழுதி வைச்சவர் உங்கடை ஐயா ஒருத்தர்தான்" என்றார். நாம் அவரது நன்மைக்காக மறைக்க எண்ணிய பெயர் அவர் உலகமெங்கும் சொல்ல விரும்பிய பெயராக இருந்தது. அப்பக்கத்தின் பிரதியொன்றை அவருக்கு அனுப்பினோம். பெயருடனேயே அதனை வெளியிடவும் போகிறோம்.

மூன்றாவது பக்கத்துப் பெண் இன்று வேறொரு நாட்டிலே குடும்பமாக வாழ்கிறார். தம் பிள்ளைகளுக்கே அக்கதையைச் சொல்லவில்லை என்றும், அதை விட்டுவிடும்படியும் கேட்டார். காரணம் கேட்கும் உரிமை எமக்கில்லை. அப்பக்கம் வெளிவராது. தலையாட்டி பற்றிய பக்கமும் வெளிவராது. அது தந்தையார் கண்டதல்ல, கேட்டது. மறுமொழி சொல்ல வாய்ப்பில்லாத ஒருவர்மீது ஊர்வாயின் பழியை உலகத்தின் வாய்க்கு மாற்றிவிடுவது வரலாறு ஆகாது. எனினும் இவ்விரு பக்கங்களையும் நாம் கிழிக்கவில்லை. மூலக் கொப்பியிலே அவை அப்படியே இருக்கின்றன.

மூலத்தில் ஓர் எழுத்தையும் அழிக்கலாகாது, பகிரும் பிரதியிலோ பிறர் பெயருக்கு அவரது சொல்லைக் கேட்கவேண்டும் என்ற வழிக்கு நல்லதொரு முன்னுதாரணம் உண்டு. 1944 மார்ச் 28 ஆந் திகதி, இலண்டனில் இயங்கிய நெதர்லாந்து அஞ்ஞாதவாச அரசின் அமைச்சர் போல்கெஸ்ரைன், தம் நாட்டு மக்கள் தங்கள் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பேணி வைக்கவேண்டும் என்று வானொலியிலே கேட்டுக்கொண்டார். அம்ஸ்ரடாமில் மறைந்திருந்து அதைச் செவிமடுத்த சிறுமி ஆன் பிராங்க், தமது டயறியைப் புத்தகமாக்கும் எண்ணத்துடன் திருத்தி எழுதத் தொடங்கியபோது, உடனிருந்தவர்களுக்கு மாற்றுப் பெயர்களையும் தாமே தேர்ந்துகொண்டார். முகாமிலிருந்து உயிர் தப்பிய தந்தையார் 1947 இல் சில பகுதிகளை விலக்கி நூலை வெளியிட்டார். மூலம் பத்திரமாக இருந்தபடியால், 1986 இல் அறிஞர்கள் அதன் வடிவங்களை ஒப்புநோக்கி விரிவான பதிப்பொன்றைக் கொண்டுவர முடிந்தது. கிழித்திருந்தால் அது இயலுமா?

இம்முயற்சியில் இறங்கும் வாசகர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். கொப்பியைக் கையாளுமுன் கைகளைக் கழுவி நன்கு உலர்த்துங்கள். கிழிசலுக்குச் செலோரேப் ஒட்டாதீர்கள். அதன் பசை காலப்போக்கில் தாளை மஞ்சளாக்கிக் கெடுத்துவிடும். ஸ்கான் செய்கையில் அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல், அட்டை முதல் வெற்றுப் பக்கம்வரை ஒன்றையும் விடாது எடுங்கள். மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றேனும் வேறு வீட்டில் இருக்கட்டும். எழுதியவரின் பெயர், ஊர், காலம், சுருக்கெழுத்தின் பொருள் ஆகியவற்றைத் தெரிந்த முதியவரிடம் இன்றே கேட்டுக் குறித்து வையுங்கள். கொப்பி ஒருவரது கையில் இருப்பதனால் வெளியிடும் உரிமையும் அவருக்கே என்று எண்ணவேண்டாம். பிரித்தானியச் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள்வரை நீடிக்கிறது. பெரும்பாலும் அது வாரிசுகளைச் சாரும். ஆதலால் உடன்பிறந்தோர் அனைவரது சம்மதத்தையும் எழுத்திலே பெறுவது நன்று. இப்போது வெளிவரக்கூடாத பக்கங்களை இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரே திறக்கலாம் என்னும் நிபந்தனையுடன் காப்பகமொன்றில் ஒப்படைப்பதைப் பற்றியும் விசாரித்துப் பார்க்கலாம். இணையத்தில் ஏறியதைப் பின்னர் நீக்கினாலும், அதற்குள் பிரதி எடுத்தவர் கையிலிருந்து அதை மீட்க இயலாது என்பதை மறவாதீர்கள்.

தந்தையார் உயிரோடிருந்த காலத்தில், பிள்ளை பிறந்த திகதி, காணி எழுதிய திகதி, தகப்பன் இறந்த திதி என்று கேட்டு அயலவர் எமது வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். அவர் உரிய கொப்பியை எடுத்து, உரிய பக்கத்தை விரித்து, வந்தவருக்குரிய வரியை வாசித்துச் சொல்லுவார். எவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஒருவர் வீட்டுச் சங்கதியை மற்றவருக்கு வாசித்ததுமில்லை. கணினியின் காலத்துக்கும் அம்முறையே போதுமானது என்று எண்ணுகிறோம்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு கொப்பி இருக்கக்கூடும். யாரோ ஒரு தாய் தேடிக்கொண்டிருக்கும் திகதி அதற்குள் இருக்கக்கூடும். அதை வாசித்துச் சொல்லக்கூடியவர்கள் உயிரோடிருக்கும்போதே, இந்த வார இறுதியிலாவது, திறந்து பாருங்கள்.