பழையதைத் திரும்ப மாட்டிப் பார்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றங்கரையில் புல்ஹெட் சிட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. டேவிஸ் அணைக்குப் பக்கத்திலிருந்து கிழக்கே மலையேறும் 68ஆம் எண் சாலை, 18 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு அந்த நாட்டில் அங்கேதான் பரீட்சை. எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்திடமிருந்து 2008இல் வந்த ஜே2807 என்ற தரவிதி நிபந்தனைகளைச் சொல்கிறது. வெயில் 38 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. ஏ.சி. முழு வீச்சில் ஓட வேண்டும். வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியானால் 35. எச்சரிக்கை விளக்கு எரியக் கூடாது. ரேடியேட்டர் தண்ணீர் வெளியேறக் கூடாது.

அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதைத் தனக்குத் தோன்றிய வழியில் சோதித்து, அந்த எண்ணை அச்சடித்துக்கொண்டிருந்தது. விதி வந்த பிறகு அதை முதலில் ஏற்றுக்கொண்டது டொயோட்டா, அதுவும் 2011 மாடல்களில்தான். டெட்ராய்ட்டின் மூன்று பெரிய கம்பெனிகளும் வந்து சேர 2015 வாக்கில் ஆயிற்று. ஒரே ஏற்றத்தில், ஒரே வெயிலில் நிறுத்திப் பார்க்கப்படுவது யாருக்கும் அவ்வளவு எளிதில் பிடிப்பதில்லை.

கொலராடோவில் இருக்கும் என் தம்பி மகன் டீசல் பிக்கப் டிரக் வைத்திருக்கிறான். பழைய டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரியது ஒன்று மாட்ட ஆசை. "பெரியப்பா, ரெண்டையும் டிரெய்லரோட மலையில இழுத்துப் பார்த்து எது நல்லதுன்னு முடிவு பண்ணலாம்னு இருக்கேன், எப்படிப் பண்ணட்டும்?" என்று கேட்டான். டீசல் எஞ்சினோடு ஆயுளைக் கழித்தவனிடம் இப்படிக் கேட்டால் பேச்சு சீக்கிரம் முடியாது. அவனிடம் சொன்னது அவனுக்கு மட்டும் உரியதல்ல என்று பட்டதால் இங்கே எழுதுகிறேன்.

வெளியே போகும் எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மறுமுனைச் சக்கரத்தால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுவது டர்போ. சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இன்றைய சின்ன டர்போக்களின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும். சின்னச் சக்கரம் சீக்கிரம் வேகம் பிடிக்கும், ஆனால் எஞ்சின் முழு மூச்சாக ஓடும்போது திணறும். பெரிய சக்கரம் மேலே தாராளமாகக் காற்று தரும், கீழே தூங்கும். வெறும் வண்டியில் இரண்டுமே சுகமாகத்தான் இருக்கும். குணம் தெரிய வேண்டுமானால் சுமை வேண்டும், ஏற்றம் வேண்டும், பல நிமிடங்கள் விடாமல் இழுக்க வேண்டும். பட்டறையில் வண்டியை உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டி, சில நொடிகளில் முடிந்துவிடும் டைனோ சோதனையில் இது வெளிப்படாது.

அவன் ஊருக்குப் பக்கத்தில் ஐ-70 நெடுஞ்சாலை ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறுகிறது. சுரங்கம் கிட்டத்தட்ட 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட முப்பது சதவீதம் அளவுக்குக் குறைவு. அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழன்றாக வேண்டும். சோதிக்க நல்ல இடம்தான். ஆனால் முதலில் ஒரு கணக்குப் போடச் சொன்னேன்.

வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 10 டன். 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். எடையை மேலே தூக்குவதற்கு மட்டுமே 98 கிலோவாட் வேண்டும். டிரெய்லரில் சுமையாக ஏற்றிய தண்ணீர்த் தொட்டியில் 200 லிட்டர் கூடக்குறைய இருந்தால் அந்தக் கணக்கு 2 சதவீதம் மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் எடைமேடையில் ஏற்றி நிறுக்க வேண்டும். காலையில் 20 டிகிரி, மதியம் 35 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். 60இல் போகும் வண்டிக்கு எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். இரண்டு டர்போவுக்கும் நடுவே உண்மையான வித்தியாசம் 5 சதவீதமே இருக்கலாம். பழையதை மதியத்திலும் புதியதை விடியலிலும் ஓட்டினால், விடியற்காலைக் குளிருக்குப் பரிசு கொடுத்துவிட்டு வருவான்.

பூஸ்ட் மீட்டர் முள் உயர்ந்தால் நல்ல டர்போ என்பது பட்டறைகளில் பரவலான நம்பிக்கை. அந்த முள் அழுத்தத்தை மட்டும்தான் சொல்லும். காற்று சூடாகிப்போனாலும், எஞ்சினுக்குள் நுழையும் வழியில் எங்காவது அடைப்பு இருந்தாலும் அழுத்தம் ஏறும். உள்ளே போகும் காற்றின் எடை ஏறாது. அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் உள்ள வெப்பம், டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்டின் அழுத்தம், அதன் சூடு, எந்த கியர், ரேடியேட்டர் ஃபேன் எப்போது பிடித்தது, எத்தனை நிமிடத்தில் உச்சி என்று எல்லாமே குறிப்பில் இருக்க வேண்டும். புகைச்சூட்டை விடவே கூடாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். புகை 700 டிகிரியை ஒட்டியே நெடுநேரம் நின்றால், பிஸ்டனின் அடியில் பீய்ச்சும் எண்ணெய்தான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

டர்போ மாற்றுவது நேரம் பிடிக்கிற வேலை. ஒரே காலையில் இரண்டையும் ஓட்ட முடியாது. நாள் மாறும், வானம் மாறும், டீசல் மாறும், ஓட்டுகிறவனின் கால் பழகிவிடும். அதனால்தான் புதியதை ஓட்டிய பிறகு பழையதைத் திரும்ப மாட்டி இன்னொரு முறை ஏறிப் பார்க்கச் சொன்னேன். அவனுக்கு அலுப்பாக இருந்தது. "அதான் முதல்லயே ஓட்டியாச்சே" என்றான். அந்த மூன்றாவது ஏற்றம் இல்லாவிட்டால் முதல் இரண்டுக்கும் மதிப்பே கிடையாது. பழையது முதல் நாள் தந்த நேரத்தையே திரும்பவும் தந்தால், நடுவில் வந்த மாற்றம் புதிய டர்போவுடையது. பழையதே இந்த முறை வேகமாக ஏறினால், வேகம் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் எஞ்சின் மட்டுமல்ல. நம் வீடுகளில் அண்ணனையும் தம்பியையும் ஒப்பிடுகிறோம். அண்ணன் படித்தபோது அப்பாவுக்கு வேலை இருந்தது, வீட்டில் பாட்டி இருந்தாள். தம்பி படித்தபோது இரண்டும் இல்லை. மதிப்பெண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவனைக் கெட்டிக்காரன் என்றும் மற்றவனை மந்தம் என்றும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். டர்போவைத் திரும்ப மாட்டிப் பார்க்கலாம், பிள்ளையின் பத்து வயதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. திரும்பிப் போக வழியில்லாத ஒப்பீட்டில் வாயை எவ்வளவு அடக்க வேண்டும்! அந்தத் தீர்ப்புகளைச் சுமந்துகொண்டே கிழவர்களாகிவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

காசும் இதில் குறுக்கே வரும். பெரிய தொகை கொடுத்து வாங்கியவனுக்குப் புதியதன் சத்தமே சங்கீதமாகக் கேட்கும். ஆகவே சாவியைத் திருகும் முன்பே தாளில் எழுதிவிடு என்றேன்: எத்தனை நொடி குறைந்தால், எத்தனை டிகிரி தணிந்தால் புதியதை வைத்துக்கொள்வாய்? அந்தத் தாளை உன் மனைவியிடம் கொடுத்துவை. மலையிறங்கிய பிறகு எழுதுகிற அளவுகோல் எப்போதும் வாங்கிய பொருளுக்கு ஏற்ற நீளத்தில்தான் இருக்கும்.

அவன் திட்டத்தில் உச்சியோடு சோதனை முடிந்திருந்தது. இறக்கத்தையும் சேர்க்கச் சொன்னேன். அவனுடைய கம்மின்ஸ் 6.7 எஞ்சினில் வருவது, உள்ளே வழியைச் சுருக்கவும் விரிக்கவும் கூடிய டர்போ. அந்த வழியைச் சுருக்கித்தான், புகையைத் தடுத்து வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்கிறது. அவன் வாங்க நினைக்கும் பெரிய டர்போவில் அந்த ஏற்பாடு இல்லை. ஏறும்போது ஒரு நிமிடம் மிச்சமாகலாம். சுரங்கத்துக்கு அப்பால் டென்வர் பக்கம் இறங்கும்போது பின்னாலிருந்து தள்ளும் அத்தனை டன்னையும் சக்கரத்து பிரேக்குகளே தாங்க வேண்டியிருக்கும். ஏற்றத்தில் இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்தாலும் சரி, இறக்கத்தில் பிரேக்கை அதிகம் சூடாக்காமல் அவனைக் கீழே சேர்ப்பது எதுவோ, அதைத்தான் நான் மாட்டச் சொல்வேன்.